ஒரே அமெரிக்காதானே?

எங்கள் ஊர்க்காரர்களுக்கு வெளிமாநிலம் போவது மாதிரி சுலபமான காரியம் வேறு கிடையாது. காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் நாகூர் பஸ் ஏறி, கண்டக்டரோடு சில்லறைச் சண்டை போட்டு முடிப்பதற்குள் திருமலைராயன்பட்டினம் வந்துவிடும். அடுத்தது வாஞ்சூர். அங்கே ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கடைகள். என்ன கடைகள் என்று நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கடைகள் எங்கே முடிகின்றனவோ, அங்கே புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு ஆரம்பம். வடக்கே போனால் பூவம், நண்டலாறு, அந்தப் பக்கம் தரங்கம்பாடி. மேற்கே திருநள்ளாற்றில் சனி பகவானுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அம்பகரத்தூரைத் தாண்டினால் மறுபடியும் தமிழ்நாடு. கிழக்கே கடல். அதில் மட்டும்தான் ‘தமிழ்நாடு உங்களை வரவேற்கிறது’ போர்டு கிடையாது.

மொத்தம் சுமார் 160 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் இரண்டு லட்சம் ஜனம். டூ வீலரில் ஒரு லிட்டர் பெட்ரோல் (தமிழ்நாட்டைவிடச் சில ரூபாய் மலிவு, சொல்லிவிட்டேன்) போட்டால் ஜில்லா முழுக்கச் சுற்றிவிட்டு மிச்ச பெட்ரோலோடு வீடு வந்து சேரலாம்.

இந்த மண்ணில் பிறந்து, பி.காம். படித்து, பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவனிடம் ‘அமெரிக்கா எவ்வளவு பெரிசு?’ என்று ஒரு வழக்கு வந்தது. குடும்ப வழக்கு. ஒரு கல்யாணம் அதில் மாட்டிக்கொண்டிருந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பூகோளம். கொட்டாவி விடாதீர்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

முதலில் பிரிட்டன். அது நமக்கு ரொம்பச் சுலபம். ஸ்காட்லாந்தையும் வேல்ஸையும் ஒதுக்கி வைத்துவிட்டு, இங்கிலாந்தை மட்டும் எடுத்துக்கொண்டால் சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாடு எவ்வளவு? 1,30,060. ஒரே அளவெடுத்துத் தைத்த இரண்டு சட்டை மாதிரி! உங்களையெல்லாம் (எங்களை அல்ல, நாங்கள் பிரெஞ்சு!) கட்டி ஆண்ட இங்கிலாந்து, நம்ம தமிழ்நாடு சைஸ்தான் சார். 2011-ல் இரண்டு இடத்திலும் தலை எண்ணினார்கள். அங்கே 5.3 கோடி. இங்கே 7.2 கோடி. நெரிசலிலும் நாம்தான் முதல்.

ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து எல்லாம் சேர்த்தால் மொத்தம் 2,44,000. அது உத்தரப் பிரதேசம் அளவு. லண்டனிலிருந்து எடின்பரோ, சென்னையிலிருந்து திருநெல்வேலி போகிற தூரம். தெற்கு மூலையிலிருந்து வடக்கு மூலை வரை ரோட்டில் போனால் சுமார் 1,400 கிலோமீட்டர். பிரிட்டிஷ்காரர்கள் அதைச் சைக்கிளில் கடந்துவிட்டுப் பேட்டி கொடுப்பார்கள். நாம் சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய், விவேகானந்தர் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் அதே தூரம். பேட்டிதான் யாரும் எடுப்பதில்லை.

பிரிட்டன் தீவில் எந்த இடத்தில் நின்றாலும் கடல் 113 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். அதாவது நட்டநடு பிரிட்டனில் இருக்கிறவன்கூட, காரைக்கால் பீச்சுக்கு வருகிற கும்பகோணத்துக்காரர் மாதிரி, காலையில் கிளம்பிக் கடலில் கால் நனைத்துவிட்டு ராத்திரி வீட்டில் படுக்கலாம்.

ஆனால் நம் மனசில் பிரிட்டன் அப்படியா பதிந்திருக்கிறது? ஊஹூம். பெரிய தேசம் என்றுதான் பதிந்திருக்கிறது. இதற்குப் பாதிக் காரணம் சரித்திரப் புத்தகம். மீதிக் காரணம் பள்ளிக்கூடச் சுவரில் தொங்குகிற உலகப் படம். 1569-ல் மெர்க்கேட்டர் என்பவர் கப்பல்காரர்களுக்காகப் போட்ட முறை அது. உருண்டையை உரித்துச் சப்பட்டையாக விரிக்கும்போது, பூமத்திய ரேகையிலிருந்து தள்ளிப் போகப் போக இடமெல்லாம் உப்பிக்கொண்டே போகும். பிரிட்டன் இருக்கிற உயரத்தில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு உப்பல். நம்ம தமிழ்நாட்டுக்கு உப்பலே இல்லை என்று சொல்லலாம். கிரீன்லாந்து அந்தப் படத்தில் ஆப்பிரிக்காவுக்குச் சமமாக உட்கார்ந்திருக்கும். நிஜத்தில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரிசு! இது தவிர அட்லஸ் போடுகிறவர்கள் செய்கிற ஒரு காரியம் உண்டு. பிரிட்டனுக்கு ஒரு முழுப் பக்கம், அமெரிக்காவுக்கும் ஒரு முழுப் பக்கம். பக்கத்தைத் திருப்புகிற பையன் கண்ணுக்கு இரண்டும் ஒரே அளவு. மூலையில் எறும்பு மாதிரி இருக்கிற ஸ்கேலை எந்தப் பையன் பார்த்தான்?

சரி, அமெரிக்கா. 98 லட்சம் சதுர கிலோமீட்டர். படித்தவுடன் ஏதாவது புரிந்ததா? எனக்கும் புரியவில்லை. லட்சத்தில் சொன்னால் நம் மூளை பேங்க் லோன் என்று நினைத்துக்கொள்கிறது. அதனால் பி.காம். முறையில் ஒரு கணக்குப் போட்டேன். பிரிட்டன் முழுசும் ஒரு ரூபாய் என்று வையுங்கள். தமிழ்நாடு ஐம்பத்து மூன்று பைசா. இந்தியா பதின்மூன்றரை ரூபாய். அமெரிக்கா? நாற்பது ரூபாய்! காரைக்காலுக்கு என்ன மதிப்பு என்றும் போட்டுப் பார்த்தேன். ஒரு பைசாவைப் பதினைந்தாக உடைத்தால் அதில் ஒரு துண்டு. செல்லாக் காசுக்குக்கூட எட்டவில்லை.

அப்படியும் மனசில் உட்காரவில்லை என்றால் ஊர் ஊராகப் பார்ப்போம். டெக்ஸாஸ் என்கிற ஒரே ஒரு மாநிலம், ஐந்து தமிழ்நாட்டைப் போட்டும் இன்னும் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும். அதில் ஹூஸ்டனில் ஏறி எல் பாஸோவில் இறங்கினால் 1,200 கிலோமீட்டர். நாம் அவ்வளவு தூரம் போனால் சென்னையிலிருந்து புவனேஸ்வர் போய்விடுவோம். ஆந்திரா முழுக்கக் கடந்து, பாஷை இரண்டு மாறி, இட்லி மாறி, சாம்பார் மாறியிருக்கும். அங்கே மாநிலமே மாறவில்லை!

வயோமிங் என்று ஒரு மாநிலம். அதன் பேரைப் பல அமெரிக்கர்களே மறந்துவிடுவார்களாம். பிரிட்டன் முழுசையும் தூக்கி அதற்குள் வைத்தால் நாலு பக்கமும் கொஞ்சம் வரப்பு மிச்சமிருக்கும். ஜனத்தொகை? 2020 கணக்குப்படி ஆறு லட்சத்துக்கும் குறைவு. அதாவது மூன்று காரைக்கால். பிரிட்டன் அளவு வீட்டில் மூன்று காரைக்கால் குடித்தனம்! அங்கே பக்கத்து வீட்டில் கடனாகக் காப்பிப் பொடி கேட்க வேண்டுமானால் காலையிலேயே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும் போலிருக்கிறது.

கடல் விஷயம் சொன்னேன் அல்லவா, பிரிட்டனில் 113 என்று? அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஒரு இடம் இருக்கிறது. அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடல் 1,600 கிலோமீட்டருக்கு அப்பால். மீன் குழம்பு வாசனையில் கண் விழிக்கிற எங்கள் ஊர்க்காரனை அங்கே கொண்டுபோய் விட்டால் மூன்றாம் நாள் ஜுரம் வந்துவிடும்.

நியூயார்க்கிலிருந்து சான்ஃபிரான்ஸிஸ்கோ ரோடு வழியாக சுமார் 4,700 கிலோமீட்டர். இந்தியாவிலேயே நெடுந்தூரம் ஓடுகிற ரயில் விவேக் எக்ஸ்பிரஸ். கன்னியாகுமரியிலிருந்து அஸ்ஸாமில் திப்ருகர் வரைக்கும். 4,100 கிலோமீட்டருக்கு மேல். மூன்று நாளைத் தாண்டிய பயணம். அது போய்ச் சேர்ந்த பிறகும் இன்னும் ஐந்நூறு கிலோமீட்டர் போனால்தான் நியூயார்க்காரன் சான்ஃபிரான்ஸிஸ்கோ போனதாகக் கணக்கு. அமெரிக்காவில் இந்தக் கரையில் ஏறி அந்தக் கரையில் இறங்க ஒரே ரயில்கூடக் கிடையாது. சிகாகோவில் மாற வேண்டும். சிகாகோவிலிருந்து சான்ஃபிரான்ஸிஸ்கோ பக்கம் போகிற ரயில் மட்டுமே இரண்டு நாளுக்கு மேல் ஓடுகிறது.

இந்த இடத்தில் எங்கள் ஊருக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள ஒரு பழைய பாக்கியைச் சொல்லியாக வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலைத் தஞ்சாவூர் ராஜாவிடமிருந்து வாங்கியது 1739-ல். அந்தச் சமயத்தில் அவர்களுக்கு வட அமெரிக்காவிலும் நிலம் இருந்தது. கொஞ்சநஞ்சமல்ல, கனடாவிலிருந்து மிஸிஸிப்பி ஆற்றங்கரை வழியாகக் கீழே கடல் வரை. அப்புறம் இங்கிலீஷ்காரனோடு ஏழு வருஷச் சண்டை. சண்டையில் தோற்று, 1763-ல் பாரிஸில் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். கனடாவைப் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுக்கொடுத்தார்கள். அதே காகிதத்தில் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தவற்றில் எவை எவை இருந்தன தெரியுமா? கரும்பு விளைகிற குவாதலூப் தீவு. அப்புறம் பாண்டிச்சேரி, காரைக்கால், மாஹே! கண்டம் போச்சு, காரைக்கால் வந்தது.

இத்தோடு முடியவில்லை. மிஸிஸிப்பிக்கு மேற்கே இருந்த லூசியானா என்கிற பிரதேசம் ஸ்பெயினிடம் போய்விட்டு மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1803-ல் நெப்போலியன் அதை அமெரிக்காவுக்கு விற்றார். விலை ஒன்றரைக் கோடி டாலர். நிலம் சுமார் 21 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவில் மூன்றில் இரண்டு பங்கு! அமெரிக்கா ஒரே கையெழுத்தில் இரண்டு மடங்கானது. எங்கள் காரைக்கால் அளவில் பதிமூவாயிரம் துண்டு போடலாம். அன்றைக்குக் காரைக்கால் இங்கிலீஷ்காரன் பிடியில் இருந்தது. 1814 உடன்படிக்கைக்குப் பிறகு அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு, 1954 வரை ஒரு சந்து பொந்து விடாமல் ஆண்டார்கள். அங்கே பதிமூவாயிரத்தை விற்றவர்களுக்கு இங்கே ஒன்றை விட மனசில்லை.

நெப்போலியனை முட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்குச் சண்டைக்குப் பணம் வேண்டியிருந்தது. ஆனால் பாரிஸில் உட்கார்ந்தவர்களுக்குக் கரும்புத் தீவின் வருமானம் எவ்வளவு என்று நன்றாகத் தெரிந்தது. காரைக்கால் துணியும் அரிசியும் புரிந்தன. அமெரிக்கா மட்டும் கண்ணுக்குள் அடங்கவில்லை. ரொம்பப் பெரிசாக இருப்பது ஒன்றுமே இல்லாதது மாதிரி தெரியும் போலிருக்கிறது.

இப்போது வழக்குக்கு வருகிறேன்.

என் பெரியப்பாவின் மகள், எனக்கு அக்கா, கலிஃபோர்னியாவில் சான் ஹோசேயில் இருக்கிறாள். என் அத்தை மகன் நியூஜெர்ஸியில் எடிசன். அக்காவுக்கு எட்டாம் மாசத்திலேயே பிரசவமாகிவிட்டது. குழந்தையை மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை தனி ஆள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடி இளைத்துப்போனார். இங்கே பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் விசா கிடைத்துக் கிளம்புவதற்குள் குழந்தையே வீட்டுக்கு வந்துவிட்டது. கடவுள் புண்ணியத்தில் இப்போது நன்றாக இருக்கிறது. போனில் என்னைப் பார்த்து நாக்கை நீட்டுகிறது.

பிரச்னை குழந்தையில் இல்லை. அந்த மூன்று வாரத்தில் அத்தை மகன் தினம் ஒரு தடவை போன் செய்தானே தவிர, நேரில் போகவில்லை. “ஒரே ஊர்ல இருந்துக்கிட்டு எட்டிக்கூடப் பாக்கலையேடா!” என்பது பெரியப்பாவின் குற்றச்சாட்டு.

‘ஒரே ஊர்’ என்றால் அமெரிக்கா.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. காரைக்காலில் வெளிநாடு என்றால் முதலில் ஃபிரான்ஸ்தான். 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அவர்களுடைய ஜனமெல்லாம் பாரிஸைச் சுற்றித்தான். ஒருத்தர் வீட்டில் சாம்பிராணி போட்டால் இன்னொருத்தர் வீட்டில் தும்மல். ஞாயிற்றுக்கிழமையானால் ரயில் ஏறிப் போய் ஒருத்தர் வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். லண்டனிலும் அப்படியே. பெரியம்மா வழிச் சொந்தம் ஒன்று ஈஸ்ட்ஹாமில், இன்னொன்று லெஸ்டரில். வளைகாப்பு, காதுகுத்து எதுவாயிருந்தாலும் காலையில் கிளம்பிச் சாயங்காலம் திரும்புகிறார்கள். வெளிநாடு என்றால் இப்படித்தான் இருக்கும் என்பது பெரியப்பாவின் அனுபவம். (டெக்ஸாஸ் ஃபிரான்ஸைவிடப் பெரிசு என்று எங்கள் தெருவில் ஒரு பிரெஞ்சு பென்ஷன்காரத் தாத்தாவிடம் சொன்னேன். அன்றிலிருந்து அவர் என்னிடம் பேப்பர் கடன் கேட்பதில்லை.)

ஒன்றரை வருஷம் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. அப்போதுதான் அத்தை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெரியப்பா மூத்த தாய்மாமன். தாய்மாமன் சீர் அவர் வைக்க வேண்டும். மாலை எடுத்துக் கொடுக்க வேண்டும். “நான் வரமாட்டேன். சின்னவன் இருக்கான்ல, அவன் செய்யட்டும்” என்று சொல்லிவிட்டார். சின்னவன் என்றால் என் அப்பா. அண்ணன் இருக்கும்போது தம்பி சீர்த்தட்டைத் தூக்கினால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? அத்தை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதுவிட்டுப் போனார். அப்பா என்னைப் பார்த்தார். “நீதான் நாலு எழுத்து எழுதுறவன். போய் எடுத்துச் சொல்லேன்.”

போனேன். பெரியப்பா ஈஸிசேரில் இருந்தார். பெரியம்மா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

ரூபாய் பைசா கணக்கை முதலில் சொன்னேன். “இன்ட்ரஸ்டாத்தான் இருக்கு” என்றார். அவ்வளவுதான். 

“பெரியப்பா, நியூஜெர்ஸியை நம்ம வீடுன்னு வச்சுக்குங்க. இங்கேருந்து சிங்கப்பூர் 2,900 கிலோமீட்டர். துபாய் 3,000. ரியாத் 3,800. அக்கா வீடு அதையும் தாண்டி, 4,100. இது ஆகாசத்துல நேரா போற கணக்கு. ஃப்ளைட்லயே ஆறு மணி நேரம்.”

“துபாய் வேற நாடுடா. விசா வேணும். இது ஒரே நாடுதானே? ஒரே கொடி, ஒரே பிரசிடென்ட்டு.”

“ஒரே நாட்டுக்குள்ளயே மணி வேற பெரியப்பா. நமக்குக் காலைல ஆறரைன்னா, குளிர்காலத்துல அவனுக்கு முந்தின நாள் ராத்திரி எட்டு. அதே நிமிஷம் அக்காவுக்குச் சாயங்காலம் அஞ்சு.”

“மணி வேற, மனசும் வேறயா?”

எனக்குப் பதில் வரவில்லை. வசனத்தில் பெரியப்பாவை அடிக்க ஆளில்லை. லீவு விஷயத்தைச் சொல்லிப் பார்த்தேன். பிரிட்டனில் வருஷத்துக்கு 28 நாள் சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அமெரிக்காவில் தனியார் கம்பெனிக்கு மத்தியச் சட்டம் அப்படி ஒரு நாள்கூடச் சொல்லவில்லை; முதலாளி கொடுத்தால் உண்டு. அவன் அப்போது வேலையில் சேர்ந்து நாலு மாசம். “லீவு கேட்டா குடுக்காத மனுஷனும் உண்டா?” என்றார்.

அப்போதுதான் பெரியம்மா கீரையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டார். “ஏங்க, மாமா தவறுனப்ப நீங்க ஏனாத்துலேருந்து வந்து சேர எத்தனை நாளாச்சு?”

வீட்டில் சத்தமே இல்லை. 

ஏனாம் தெரியும் அல்லவா? புதுச்சேரி என்பது ஒரு இடமல்ல, நாலு துண்டு. மொத்தம் கூட்டினால் ஐந்நூறு சதுர கிலோமீட்டர்கூட வராது. ஆனால் பாண்டிச்சேரியிலிருந்து எங்கள் காரைக்கால் சுமார் 135 கிலோமீட்டர். மாஹே அந்தப் பக்கம் கேரளக் கரையில், சுமார் 650. லண்டன் – எடின்பரோ தூரம்! ஏனாம் ஆந்திராவில் காக்கிநாடா பக்கம், சுமார் 840. நிலம் கையளவு, தூரம் கண்டம் அளவு. அமெரிக்காவுக்கு இரண்டும் உண்டு. பிரிட்டனுக்கு இரண்டும் கம்மி. எங்களுக்கு மட்டும் நிலத்தைக் கொடுக்காமல் தூரத்தை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். சர்க்கார் உத்தியோகம் என்றால் மாஹே, ஏனாம் மாற்றல் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

எண்பதுகளில் பெரியப்பா ஏனாத்தில் குமாஸ்தா. என் தாத்தா இங்கே காலமானார். தந்தி போனது. அவர் பஸ் பிடித்துக் காக்கிநாடா வந்து, ரயில் ஏறி மெட்ராஸ் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் காரைக்கால் வந்து இறங்கியபோது மூன்றாம் நாள் விடியற்காலை. ஐஸ் பெட்டியெல்லாம் இல்லாத காலம். மூத்த பிள்ளை வரவில்லை என்று ஒரு பொழுது பார்த்துவிட்டு, என் அப்பாவைக் கொள்ளி வைக்கச் சொல்லிவிட்டார்கள். துக்கத்துக்கு வந்த ஜனம் என்ன சொன்னது தெரியுமா? “ஏனாம் என்ன சீமையா? நம்ம பாண்டிச்சேரி கவர்மென்ட்டுதானே. கிளம்பி வர இவ்வளவு நேரமா?” அத்தை அன்றைக்கு அந்த ஜனத்தோடு சண்டைக்குப் போனதாக அப்பா சொல்வார்.

பெரியப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பெரியம்மா கீரைக் காம்புகளைப் பொறுக்கி முறத்தில் போட்டுக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

“அவன் நம்பர் இருக்கா உன்கிட்ட?”

“இருக்கு பெரியப்பா. ஆனா இப்ப மணி பன்னெண்டு. அங்கே நடுராத்திரி தாண்டியாச்சு. யாருக்கு என்னமோன்னு பயந்துடுவான்.”

“சரி, சாயங்காலம் போடு.”

தாய்மாமன் சீருக்கு என்ன பட்டு, எத்தனை தட்டு என்று பெரியம்மா உள்ளேயிருந்தே கணக்குச் சொல்ல ஆரம்பித்தார். நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். பெரியப்பா பின்னாலேயே வந்தார்.

“ஏண்டா, ஃப்ளைட்டு டிக்கெட்டு அதிகம்கிறே. நியூஜெர்ஸிலேருந்து அங்கே பஸ் கிடையாதா?”

“இருக்கு பெரியப்பா. கிட்டத்தட்ட மூணு நாள் ஆகும். ராத்திரி பகலா ஓடும்.”

“மூணு நாளா!” என்று வாயைப் பிளந்தார். கொஞ்சம் யோசித்தார். “நடுவுல சாப்பாட்டுக்கு எங்கே நிப்பாட்டுவான்?”